வாடகை அறைக்குச் சுண்ணாம்பு அடித்தது போதும்

போன வருசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றிக் குந்தியிருந்தோம். நாலு பேரும் கலைப்பீடம், ஒரே பட்ச், ஒரே போர்டிங். லப்டொப் எங்களில் ஒராளுடையது. செகண்ட் ஹான்டில் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5. ஒன் பண்ணிவிட்டு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். யூடியூப்பில் ஒருத்தர் காட்டிய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பார்த்து, அதை அப்படியே ஓட விட்டோம். நீலத் திரையில் வரிகள் விறுவிறுவென ஓடின. “பாருங்கோ, எவ்வளவு குப்பையை அள்ளுது” என்றார் ஒருவர். எங்கள் எல்லாருக்கும் ஒரு பெருமை. ஏதோ ஹக்கர் ஆகிவிட்ட மாதிரி.

இரண்டு கிழமை லப்டொப் பறந்தது. மூன்றாம் கிழமை ஒரு அப்டேட் வந்தது, பாதியில் நின்றது, பிறகு கறுப்புத் திரை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் உள்ளே இருந்தது. சமர்ப்பிக்க நாலு நாள். அப்டேட்டுக்குத் தேவையான ஏதோ ஒன்றையும் சேர்த்து ஸ்கிரிப்ட் அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று கடைக்கார அண்ணை சொன்னார். ஸ்கிரிப்ட் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. என்ன செய்யும் என்று வாசிக்காமல் ஓட விட்டது நாங்கள்தான்.

இனித்தான் கதை. அண்ணை மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென்ட்ரைவை எடுத்தார். அதைக் குத்தி லப்டொப்பை ஒன் பண்ணினார். வேறொரு திரை வந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, மூன்றாம் அத்தியாயத்தையும் மிச்ச எல்லாவற்றையும் எங்களுக்கு எடுத்துத் தந்தார். “இதென்ன அண்ணை?” என்று கேட்டோம். “லினக்ஸ்” என்றார். கோப்புகளை எடுத்து முடித்ததும் பென்ட்ரைவை மறுபடி லாச்சிக்குள் போட்டார். போர்மட் அடித்து, கிராக் பண்ணிய விண்டோஸையே திரும்பப் போட்டுத் தந்தார். நாங்களும் நன்றி சொல்லிக் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

எங்களைக் காப்பாற்றிய சாமான் லாச்சிக்குள். எங்களை மாட்டிவிட்ட சாமான் மடியில். இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று விளங்க எங்களுக்கு இன்னும் சில மாதம் எடுத்தது. விளங்கியதை இங்கே எழுதுகிறோம். இது எல்லாருக்கும் பிடிக்காது. பரவாயில்லை.

சொல்ல வருவது இவ்வளவுதான்: விண்டோஸைத் தட்டிக்கொட்டி, வெட்டிக்கொத்தி, ட்வீக் பண்ணிப் பாவிப்பதைக் கெட்டித்தனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வாடகை அறைக்குச் சொந்தக் காசில் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. அறை வடிவாகத்தான் இருக்கும். ஆனால் திறப்பின் இன்னொரு பிரதி வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர் நினைத்த நேரம் வருவார், நினைத்ததை மாற்றுவார், ஒருநாள் “இனி இந்த அறை இல்லை” என்பார்.

அந்த ஒருநாள் வந்துவிட்டது

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அந்த நாளுக்குப் பிறகு சாதாரணப் பாவனையாளருக்கு வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் இல்லை. “அப்ப விண்டோஸ் 11க்கு மாறலாம்தானே?” மாறலாம், லப்டொப் விட்டால். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதன் பட்டியல் தொடங்குகிறது. அதாவது 2017இன் பிற்பகுதிக்கு முன் வந்த செயலிகளில் மிகப் பெரும்பாலானவை வெளியே.

இப்போது உங்கள் பட்ச்சில் இருக்கும் லப்டொப்களை எண்ணிப் பாருங்கள். அண்ணன் பாவித்து விட்டது, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, கொம்பனிகள் கழித்துவிட்டதைக் கடையில் வாங்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியபோது புது லப்டொப் என்ற கதையே எங்கள் வீடுகளில் நின்றுபோனது. எங்களிடம் இருப்பவை பழையவை. ஆனால் பழுதானவை இல்லை. கீபோர்ட் வேலை செய்கிறது, திரை வேலை செய்கிறது, எஸ்எஸ்டி ஒன்று மாற்றினால் இன்னும் ஐந்து வருசம் இழுக்கும். அவற்றைப் “பழசு” ஆக்கியது ஒரு பட்டியல்.

மைக்ரோசொப்ட் ஒரு சலுகையும் தந்தது. இன்னும் ஒரு வருசத்துக்கு, 2026 ஒக்ரோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் உள்நுழைந்து, உங்கள் கணினியின் அமைப்புகளை அவர்களுடைய சேவரில் சேமித்தால் இலவசம். காசு இல்லாதவர் தன்னைப் பற்றிய தகவலைக் கொடுக்கட்டும் என்பதுதான் இதன் பச்சையான அர்த்தம்.

“ஓஃப் பண்ணலாம்தானே?”

ட்வீக் பண்ணுகிற நண்பர்களிடம் எதைச் சொன்னாலும் வருகிற பதில் இதுதான். 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11இன் ஸ்டார்ட் மெனுவுக்குள் செயலி விளம்பரங்கள் வந்தன. “செட்டிங்ஸில் ஓஃப் பண்ணலாம்.” உண்மை, பண்ணலாம். கணினி தன் பாவனைத் தகவல்களை அனுப்புகிறது. “அதையும் குறைக்கலாம்.” குறைக்கலாம். ஆனால் ஹோம், ப்ரோ பதிப்புகளில் “அவசியமானது” என்று மைக்ரோசொப்ட் தீர்மானித்த தரவை நிறுத்த அவர்கள் ஒரு பொத்தானும் வைக்கவில்லை. அந்த வசதி பெரிய நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும் வாங்குகிற பதிப்புகளுக்குத்தான். எது அவசியம் என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை.

மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாமல் விண்டோஸ் 11 போடுகிற வழி இன்னொரு உதாரணம். இன்ஸ்டோல் பண்ணும்போது ஒரு சின்னக் கட்டளையை அடித்தால் அந்தப் படியைத் தாண்டலாம் என்பது ட்வீக் உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை எடுக்கப்பட்டது. ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒக்ரோபரில் அந்த வழிகளையும் அடைக்கத் தொடங்கினார்கள். இனி இன்னொரு வழி வரும், அதுவும் அடைபடும்.

இது பூனையும் எலியும் விளையாட்டு. எலி கெட்டிக்கார எலிதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் விளையாட்டு நடக்கிற வீடு பூனையுடையது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் “இந்த முறை என்ன திரும்ப வந்திருக்கு” என்று தேடுவதற்குப் பேர் சுதந்திரமா? அதற்குப் பேர் மினக்கெடு. அந்த மினக்கெடுக்கு நாங்கள் திறமை என்று பேர் வைத்துவிட்டோம்.

இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் 11இன் கட்டுப்பாடுகளைத் தாண்டப் பென்ட்ரைவ் செய்து தருகிற ரூஃபஸ் ஒரு கட்டற்ற மென்பொருள். குப்பை அள்ளுகிற பிரபலமான ஸ்கிரிப்ட்கள் பலவற்றின் மூல நிரலும் எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. ஊரார் கூடிச் செய்த மண்வெட்டியை வாங்கி, தனியார் காணியைக் கொத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கிராக் என்ற போதை

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் விலை 139 அமெரிக்க டொலர். எங்கள் காசுக்கு 40,000 ரூபாவைத் தாண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டப்பட்ட பிறகும் அந்த வருசம் மகாபொல மாதத்துக்கு 7,500 ரூபாவாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் ஐந்து மாத மகாபொலக் காசைச் சாப்பிடாமல் சேர்த்திருந்தாலும் ஒரு லைசென்ஸ் வந்திருக்காது. அதனால் கிராக். இதில் எங்களுக்கு ஒழுக்கப் பிரசங்கம் செய்யும் எண்ணம் இல்லை. கிராக் போட்ட மாணவரைக் கள்ளன் என்று சொல்ல நாங்கள் யார்? எங்கள் நாலு பேரிடமும் இருந்தது அதுதான்.

ஆனால் கிராக் யாருக்கு லாபம் என்று ஒருக்கா யோசிக்க வேண்டும். 1998இல் பில் கேட்ஸ் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக மேடையில் சீனாவைப் பற்றிப் பேசும்போது, களவெடுப்பதென்றால் எங்களுடையதையே எடுக்கட்டும், பழகிப் போவார்கள், பிறகு காசு வாங்கும் வழியைப் பார்க்கலாம் என்ற கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அப்போது நாங்கள் பிறக்கவுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கள் மேலும் சரியாக வேலை செய்திருக்கிறது. பாடசாலையில் பழகியது விண்டோஸ், டியூசனில் படித்தது எம்எஸ் ஒபிஸ், வேலை விளம்பரத்தில் கேட்பதும் அதுதான். நாளைக்கு வேலைக்குப் போகிற அலுவலகம் எங்களுக்காகக் காசு கட்டி லைசென்ஸ் வாங்கும். கிராக் என்பது அந்தக் கொம்பனிக்கு நாங்கள் சம்பளமில்லாமல் செய்கிற விளம்பரம்.

இதற்கு மேல், கிராக் எங்களை மௌனமாக்குகிறது. எல்லாரும் லைசென்ஸுக்குக் காசு கட்டவேண்டி இருந்தால் “ஏன் அசைன்மென்ட்டை வேர்ட் கோப்பாகத்தான் தரவேண்டும்?” என்று பட்ச்சே எழும்பிக் கேட்டிருக்கும். கிராக் இருப்பதால் அந்தக் கேள்வி பிறக்கவேயில்லை. பிரச்சினை இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. அதோடு, யார் செய்தது என்று தெரியாத ஒரு அக்டிவேட்டரை, அன்டிவைரஸை ஓஃப் பண்ணிவிட்டு, முழு அதிகாரத்தோடு ஓட விடுகிறோம். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கு, ஆய்வுக்கு எடுத்த நேர்காணல்கள், சொந்தப் படங்கள் எல்லாம். நேர்காணல் தந்த அம்மாவுக்கு “உங்கட பேர் வெளியில வராது” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து அந்த ஒலிப்பதிவை எங்கே வைக்கிறோம் என்று சமூகவியல், அரசறிவியல் படிக்கிற நாங்களாவது யோசிக்க வேண்டாமா?

பாமினி தந்த பாடம்

எங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய காயம் இருக்கிறது. பாமினி. தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டுரை முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளில் தேடினால் வராது. எத்தனை வருசப் பத்திரிகைப் பக்கங்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள் அந்த வடிவத்துக்குள் கிடக்கின்றன! யூனிகோட் வந்த பிறகும் எங்கள் அலுவலகங்களும் அச்சகங்களும் அதை விடவில்லை. காரணம் ஒன்றுதான்: “பழகிட்டுது.”

பாமினியைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் பாடம் தெளிவு. எல்லாருக்கும் பொதுவான, திறந்த ஒரு முறையில் எழுதி வைக்காவிட்டால், எழுதியது எங்களுடையது என்றாலும் அதைத் திறக்கிற திறப்பு எங்களிடம் இருக்காது. ஒரு எழுத்துருவுக்கு இது பொருந்தும் என்றால் ஒரு முழு இயங்குதளத்துக்கு எவ்வளவு பொருந்தும்?

கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பாடசாலைகளில் கணினி படிப்பிப்பது லினக்ஸில், மலையாளத்தில். இது தானாக வந்ததில்லை. 2002இல் தொடங்கிய சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு மலையாளத்துக்கு எழுத்துருக்களும் தட்டச்சு வழிகளும் மொழிபெயர்ப்புகளும் செய்தது. அவர்கள் தமிழுக்கும் மீரா இனிமை என்று ஒரு எழுத்துருவைச் செய்து, எவரும் எடுத்துப் பாவிக்க விட்டிருக்கிறார்கள். பக்கத்து மொழிக்காரர் எங்களுக்கு எழுத்துச் செய்து தருகிறார்கள். நாங்கள் எங்கே?

“எங்கட நாட்டில இதெல்லாம் நடக்காது” என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களைப் பதியவும் முகாம்களை ஒழுங்குபடுத்தவும் உதவி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்க்கவும் ஒரு மென்பொருள் எழுதப்பட்டது. பேர் சஹானா. எழுதியது இந்த நாட்டின் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சுற்றி ஒன்றுசேர்ந்த தன்னார்வலர்கள். அதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை, திறந்து விட்டார்கள். அதனால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது வேலை செய்தது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டின் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்குக் கொடுத்தது. இது எங்கள் பாடப்புத்தகங்களில் இருந்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. எம்எஸ் வேர்டில் எழுத்தைத் தடிப்பாக்கும் பொத்தான் எது என்ற கேள்வி மட்டும் நல்லா ஞாபகம்.

எதிர்க் கேள்விகள்

இனி நேர்மையாகக் கதைப்போம். லினக்ஸுக்கு மாறுவது வலியில்லாத காரியம் என்று சொல்கிறவர் உங்களிடம் ஏதோ விற்கப் பார்க்கிறார். நாங்கள் கேட்ட எதிர்க் கேள்விகளையும், எங்களுக்குப் பட்டதையும் அப்படியே வைக்கிறோம்.

“வேர்ட் இல்லாமல் எப்பிடி?” லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. வேர்ட் கோப்பைத் திறக்கும், வேர்ட் கோப்பாகச் சேமிக்கும். சில நேரம் அட்டவணை இடம் மாறும், பக்க எண் குழம்பும். அது உண்மை. கடைசிப் பிரதியைப் பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் பாதித் தலையிடி போய்விடும். மேற்பார்வையாளர் வேர்டில்தான் திருத்தம் போடுவார் என்றால், முதல் வாரமே ஒரு கோப்பை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். சமர்ப்பிக்கிற இரவில் சோதிக்காதீர்கள்.

“தமிழ் அடிக்கலாமோ?” தமிழ்99, ரெங்கநாதன், ஒலிப்பு முறை எல்லாம் ஒரு சின்னப் பொதியை நிறுவினால் வரும். பாமினியும் வெறும் எழுத்துருக் கோப்புத்தான். பிரதி பண்ணிப் போட்டால் அங்கேயும் வேலை செய்யும். அதைக் கைவிடச் சொல்வது வேறு கட்டுரை.

“எஸ்பிஎஸ்எஸ்?” எங்கள் ஆய்வுகளில் அனேகம் சதவீத அட்டவணை, கைவர்க்கச் சோதனை, கொஞ்சம் பிற்செலவு. அதற்கு ஜமோவியும் பிஎஸ்பிபியும் தாராளம். மேற்கோள் ஒழுங்குக்கு ஸோட்டேரோ. இவை விண்டோஸிலும் ஓடும் என்பதைக் கவனியுங்கள். அதாவது இயங்குதளத்தைத் தொடாமலே பழகத் தொடங்கலாம்.

“போட்டோசொப், இன்டிசைன்?” இவை லினக்ஸில் இல்லை. பகுதிநேரமாக அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துச் செலவைச் சமாளிக்கிற நண்பர்கள் எங்கள் பட்ச்சிலேயே இருக்கிறார்கள். அவர்களை மாறச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. லப்டொப்பில் இரண்டையும் வைத்திருக்கலாம் என்று மட்டும் சொல்வோம்.

இதைவிட முக்கியமான ஒன்று. பார்வையற்ற நண்பர்கள் பாவிக்கிற என்விடிஏ திரைவாசிப்பான் ஒரு கட்டற்ற மென்பொருள். ஆனால் அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸில் ஓர்கா என்று வேறொன்று இருக்கிறது. என்விடிஏயில் பழகிய கைக்கு அது புதிதாகப் படிக்கவேண்டிய ஒன்று. விரிவுரைக் குறிப்பு முழுவதையும் காதால் வாசிக்கிற ஒருவரிடம் போய் “விண்டோஸை விடுங்கோ” என்று கொள்கை பேசுகிறவருக்குக் கொள்கையும் தெரியாது, மனிதரையும் தெரியாது. திறந்த மூலம் என்றால் லினக்ஸ் மட்டும் இல்லை என்பதற்கும் என்விடிஏதான் சாட்சி.

“ஜேர்மனிக்காரனே விட்டுட்டுத் திரும்பிப் போனவன்” என்ற வாதமும் வரும். மியூனிக் மாநகரசபை 2003இல் முடிவெடுத்து, பத்து வருசத்தில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. சரி. அந்த 10 வருசம் ஒரு பெருநகரின் நிர்வாகம் லினக்ஸில் நடந்ததும் அதே கதையின் பகுதிதான். அதே ஜேர்மனியில் ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் தன்னுடைய 30,000 அரச கணினிகளை மாற்ற முடிவெடுத்திருக்கிறது. மியூனிக்கிலிருந்து நாங்கள் எடுக்கிற பாடம் வேறு: மென்பொருளை மாற்றுவது ஒருநாள் வேலை. அதைப் பிடித்து வைத்திருக்க ஆட்கள் வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கும் இரண்டு அடி

லினக்ஸ் பாவிக்கிற அண்ணாமாருக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிற ஒருவர் “பிரின்டர் வேலை செய்யேல்லை” என்று கேட்டால், “முதலில கையேட்டை வாசி” என்கிறீர்கள். எந்தப் பதிப்பு பெரியது என்று உங்களுக்குள்ளேயே சண்டை. கொம்பியூட்டர் படித்த ஆம்பிளைப் பெடியளின் கிளப் மாதிரி அதை வைத்திருக்கிறீர்கள். எங்கள் பட்ச்சில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் அந்தக் கதவைத் தட்டாததற்குக் காரணம் லினக்ஸ் கஷ்டம் என்பதா, வாசலில் நிற்கிற உங்கள் முகமா?

கலைப்பீட நண்பர்களுக்கும் ஒன்று. “இது எங்கட வேலை இல்லை, ஐடி ஆக்கள் பாக்கட்டும்” என்பது எங்கள் வசதிக்கு நாங்கள் கட்டிய மதில். அதிகாரம், கண்காணிப்பு, பொதுச்சொத்து, மொழியுரிமை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதை எழுதுகிற இயந்திரத்துக்குள் இதே நாலும் நடக்கிறபோது “ஐடி ஆக்கள் பாக்கட்டும்” என்கிறோம். எங்களால் நிரல் எழுத முடியாமல் இருக்கலாம். மொழிபெயர்க்க முடியும். லிப்ரே ஒபிஸின் தமிழ் வரிகளை இணையத்தில் எவரும் திருத்தலாம். நாங்கள் “தரவிறக்கம்” என்போம், தமிழ்நாட்டில் “பதிவிறக்கம்” என்பார்கள். இரண்டும் தமிழ்தான். ஆனால் எந்தச் சொல் திரையில் வரவேண்டும் என்று கதைக்கிற இடத்தில் எங்கள் குரலும் இருக்க வேண்டாமா? பூட்டிய மென்பொருளில் அந்த முடிவு ஒரு கொம்பனியின் அறைக்குள் நடக்கிறது. திறந்ததில் நாங்கள் போகாததால்தான் எங்கள் கதிரை காலியாக இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

லினக்ஸ் போட்டதால் புரட்சி வராது என்பதும் தெரியும். கையில் இருக்கிற போன் இன்னும் கூகுளுடையது. இந்தக் கட்டுரையை நீங்கள் திறந்ததும் அனேகமாகப் பேஸ்புக்கில் இருந்துதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது என்பதால் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை என்பதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

என்ன செய்யலாம்

அவசரம் வேண்டாம். கோப்புகளை முதலில் வேறு இடத்தில் பிரதி எடுங்கள். ஃபயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், ஸோட்டேரோ, விஎல்சி இந்த நாலையும் விண்டோஸிலேயே ஒரு மாதம் பாவியுங்கள். பிறகு 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை ஏற்றி, இன்ஸ்டோல் பண்ணாமலே ஓட விட்டுப் பாருங்கள். வைஃபை, சத்தம், கமெரா, உங்கள் பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரியும். பிடிக்காவிட்டால் பென்ட்ரைவைக் கழற்றுங்கள், லப்டொப் பழையபடி இருக்கும். பிடித்தால் போடுங்கள். 4 ஜிபி ரம் உள்ள கணினியிலும் ஓடும். டிபிஎம் கேட்காது. கணக்குக் கேட்காது. இப்போதுள்ள 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அப்டேட் எப்போது என்று நீங்கள் சொல்வீர்கள்.

தனிய மாறாதீர்கள். இரண்டு மூன்று பேராக மாறுங்கள். ஒராள் மாட்டிக்கொண்டால் மற்றவர் கை கொடுப்பார். பீடத்தில் கேட்கவேண்டியவற்றையும் கூட்டாகக் கேளுங்கள்: அசைன்மென்ட்டை எந்த மென்பொருளில் எழுதினாலும் பிடிஎஃப் ஆக ஏற்கட்டும், கணினிக்கூடத்தில் ஐந்து கணினியிலாவது லினக்ஸ் இருக்கட்டும். இது காசு கேட்கிற கோரிக்கை இல்லை. மனம் இருந்தால் நடக்கும்.

எங்கள் நாலு பேரில் இப்போது மூன்று பேர் லினக்ஸில். ஒராள் அச்சக வேலைக்காக இரண்டும் வைத்திருக்கிறார். அந்த ஆறாம் தலைமுறை லப்டொப்பில்தான் இதை எழுதுகிறோம். பிரின்டர் ஒன்றோடு இன்னும் சண்டை, அதை மறைக்கவில்லை.

மாறுகிறதுக்கு முதல் கடைக்கார அண்ணையிடம் போனோம். அவர் மேல் ஒரு சின்னக் கோபம் இருந்தது. “அண்ணை, உங்களுக்கு லினக்ஸ் தெரியும். லாச்சிக்குள்ள வச்சிருக்கிறியள். பிறகேன் எல்லாருக்கும் கிராக் விண்டோஸ் போட்டுக் குடுக்கிறியள்?” என்று கேட்டோம்.

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவுமில்லை.

“ஒருத்தரும் கேக்கேல்லையே தம்பி” என்றார்.